அக்கா பேர் எழுதின சீட்டு

அக்டோபர் 3, வெள்ளி. வேளாங்கண்ணி

காலையில் தூறல். அப்புறம் வெயில், உப்புக் காத்து. அருப்புக்கோட்டையில் தொடங்கின நடை பதினோரு மணிக்கு முடிஞ்சது. ஏழு நாள்.

கொப்புளம்: இடது கால் 4, வலது கால் 2. இடதுசாரி முன்னணி.
தொலைஞ்சது: சீப்பு, ஒத்தைச் செருப்பு, சகாயம் அண்ணனோட பொறுமை.

சகாயம் அண்ணன்தான் எங்க குழுத் தலைவர். வழி பூரா மைக்ல "இன்னும் ரெண்டே கிலோமீட்டர்" சொல்லிக்கிட்டே வந்தார். ரெக்கார்டு பண்ணி வச்சிருந்தேன். கோயில் வாசல்ல எல்லாரும் அப்பாடான்னு உக்காந்ததும் போட்டுவிட்டேன். பாதிப் பேர் எந்திரிச்சு நடந்துட்டாங்க.

சிரிச்சு முடிச்சதும் அவங்கவங்க வீட்டுக்குப் போன் போட்டாங்க. நான் அக்காவுக்குப் போட்டேன். எடுக்கலை. ஆறு மாசமா இப்படித்தான்.

காரணம் நான். ஏப்ரல் ஒண்ணாம் தேதி, அமலி அக்காவுக்கு வளைகாப்புன்னு ஒரு பத்திரிகை செஞ்சு சொந்தக்காரங்க குரூப்ல போட்டேன். ரோஜாப்பூ, தொட்டில் படம் எல்லாம் வச்சு. தேதி பார்த்துச் சிரிப்பாங்கன்னு நெனச்சேன். பாலவனத்தம் பெரியம்மா வீட்டு ஆளுங்க தேதி பார்க்கலை. வளையல், பூ, அஞ்சு வகைச் சோத்தோட லோடு ஆட்டோ பிடிச்சு நேரா திருச்சுழிக்கு, அக்கா வீட்டுக்கே போயிட்டாங்க. அக்காவுக்குக் கல்யாணமாகி நாலு வருசம். பிள்ளை இல்லை. அக்கா அவங்களை உக்கார வச்சாளாம். இலை போட்டு அவங்க கொண்டுவந்த சோத்தையே அவங்களுக்குப் பரிமாறினாளாம். அம்மா சொல்லித்தான் தெரியும்.

நடந்ததை மாத்த முடியாதுன்னு அம்மா சொன்னாங்க. அதான் நடந்து பார்த்தேன்.

தினமும் சாயங்காலம் தங்குற ஊர்ல வேண்டுதல் சீட்டை டப்பாவுல போடணும். சகாயம் அண்ணன் மாதா சிலை வச்ச வண்டி மைக்ல ஒவ்வொண்ணா வாசிப்பார். மொத்தக் கூட்டமும் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" சொல்லும். ஏழு நாளும் என் சீட்டு ஒண்ணேதான். "திருச்சுழி அமலிக்குக் குழந்தை வரம் வேண்டி."

நாளைக்கு ரயில். மத்தவங்க அருப்புக்கோட்டைக்கு. நான் திருச்சுழியில இறங்கி அக்கா வீட்டுக்கு. அம்மா போன்ல: "போய்ப் பாரு. வாசல்ல நிக்க வச்சா நின்னுட்டு வா."

அக்டோபர் 4, சனி. ரயிலில்

சீட்டுப் போட்டு வேண்டினேன். ரயில்ல சீட்டுத்தான் கிடைக்கலை. திருவாரூர் வரைக்கும் கதவோரம், யாரோ ஒருத்தரோட சாக்கு மூட்டை மேல.

பக்கத்துல ஒரு பொடிசு: "மாதாவும் நடந்தா வந்தாக?" அதோட அம்மா: "அவுக வண்டியில வந்தாக. நம்மதான் நடந்தோம்."

திருவாரூர்ல லூர்தக்கா இடம் கொடுத்தாங்க. எங்க குழுதான். அக்கா வீட்டுத் தெரு. முறுக்கைக் கையில திணிச்சுக்கிட்டே, "ஏ பிள்ள, ஒன் வேண்டுதலை ரெண்டாம் நாளே ஒங்கக்கா மாமியாருக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன். எம்புட்டுச் சந்தோசப்பட்டாக தெரியுமா" அப்படின்னாங்க. எனக்கும் சந்தோஷம். நான் போறதுக்கு முன்னாடியே என் நல்ல பேரு போய்ச் சேர்ந்திருச்சு. டிக்கெட்டே எடுக்காம.

கடற்கரை போட்டோ அக்காவுக்கு அனுப்பினேன். ஒரு டிக். ரெண்டு டிக். நீலம். அவ்வளவுதான்.

மானாமதுரையில இறங்கி பாசஞ்சர். சன்னல்ல சீமைக்கருவேலம், வெடிச்ச கரிசல், கரிமூட்டப் புகை, மறுபடி சீமைக்கருவேலம். நரிக்குடி. நரியும் இல்லை, குடிக்கத் தண்ணியும் இல்லை. இதை அக்காட்ட சொன்னா மண்டையில கொட்டுவா. கொட்டுனா நல்லாயிருக்கும்.

அதே நாள், அக்கா வீடு

லூர்தக்காவை அவங்க வீட்டுக்காரர் பைக்ல கூட்டிட்டுப் போயிட்டார். நான் நொண்டிக்கிட்டே தனியா.

கதவைத் திறந்தது அக்கா. "வாங்க" அப்படின்னா. என்னை. பிறந்ததுல இருந்து "ஏ கொரங்கு" தவிர வேற பேரே சொல்லாதவ.

அத்தான் காரியாபட்டிக்கு லோடு ஏத்திப் போயிருக்கார். அக்கா மாமியார் என் கையைப் பிடிச்சு அழுதாங்க. அதுக்குள்ள தெருப் பொம்பளைங்க நாலு பேர். எந்த டாக்டர், யார்கிட்டக் குறைன்னு சொன்னாங்க, மருந்து சாப்பிடுறாளா. எல்லாம் அக்காவைப் பார்த்து, என் நடையைச் சாக்கா வச்சு. அக்கா எல்லாருக்கும் டீ கொடுத்தா.

அவங்க போனதும் அடுப்படிக்குப் போனேன். திரும்பாமலே சொன்னா.

"ஏப்ரல்ல சொந்தக்காரவுகளுக்குத்தான் தெரிஞ்சுச்சு. இப்ப ஏழு ஊருல மைக் போட்டுச் சொல்லிட்டு வந்திருக்க."

உனக்காகத்தானே நடந்தேன்னு சொன்னேன்.

"நான் சொன்னேனா?"

அவ கழுவினா. நான் துடைச்சேன். ஏழு கிளாஸ். வாயில ஒரு ஜோக்கும் வரலை. சீட்டு எழுதும்போது ஒரு நாள்கூட இது தோணலையே. ஏழு தடவை எழுதியிருக்கேன். நல்ல கையெழுத்துல.

அக்டோபர் 5, ஞாயிறு

வெயில். காலையில் பூசை முடிஞ்சு கோயில் வாசல்ல அக்கா மாமியார் என்னை நடுவுல நிறுத்தி, "யாருக்காக நடந்தான்னு அவ வாயாலயே கேளுங்க" அப்படின்னாங்க. எல்லாக் கண்ணும் அக்கா மேல. அக்கா செருப்பைத் தேடுற மாதிரி குனிஞ்சிருந்தா.

"எனக்காகத்தான். கணக்குல பாஸாகணும்" அப்படின்னேன்.

லூர்தக்கா விடலை. மைக்ல அமலின்னுதானே வாசிச்சாகன்னு கேட்டாங்க. அது என் கணக்கு டீச்சர் பேருன்னு சொன்னேன். டீச்சருக்குப் பிள்ளை பிறந்தா லீவுல போவாங்க, நான் தப்பிச்சுக்குவேன்னேன். கூட்டம் சிரிச்சது. அக்கா மாமியார் சிரிக்கலை. இனிமே அவங்க வீட்டுல எனக்குக் காப்பி கிடைக்காது. லூர்தக்கா முறைச்சுட்டே போனாங்க. மாதா வாசல்லயே பொய். அக்காவும் சிரிக்கலை. ஆனா செருப்பு கிடைச்சிருச்சு.

மதியம் சோறு. அப்பளம் நொறுங்குறது மட்டும் கேட்டுச்சு.

சாயங்காலம் ரயிலுக்குக் கிளம்பினேன். அக்கா என் பையை எடுத்துக்கிட்டு வந்தா. நான் நொண்டுறதுக்குத் தகுந்த மாதிரி மெதுவா நடந்தா. கண்மாய்க் கரை வந்துச்சு. கரையில ஆள் யாருமில்லை. நின்னா. அத்தானுக்கும் அவளுக்கும் மட்டுமே தெரிஞ்ச ஒண்ணை, நாலு வருசமா அம்மாகிட்டக்கூடச் சொல்லாததை, என்கிட்டச் சொன்னா.

"அழாத. நான் அழுது முடிச்சிட்டேன்" அப்படின்னா.

என்ன சொன்னான்னு இந்த நோட்டுல எழுதலை.

ரயில்ல சன்னல் சீட்டு. எதிர் சீட்டு காலி. அருப்புக்கோட்டை வர்ற வரைக்கும் போனை எடுக்கவே இல்லை.

வீட்டுக்குள்ள கால் வைக்கிறதுக்குள்ள அம்மா, "அவ என்ன சொன்னா?"

பேசினான்னு மட்டும் சொன்னேன்.