முத்திரையின் வால் மட்டும் வைத்திருப்பவன் விடுக்கும் ஓலை

மூன்று திசைக் காற்றும் முறைவைத்து வணங்கும் வெண்குடா நாட்டின் தலைமை அமைச்சரும், ஏழு துறைகளுக்கு வாயிற்காவலரும், ஒரு சொல்லை மும்முறை ஆராய்ந்த பின்னரே வாய் திறக்கும் பொறுமையாளருமான செங்கீரனார் திருமுன், நெய்தலங்கோட்டு மன்னர் பரவைக்கோவின் கடற்காவல் தலைவன், எழுபத்தொன்பது வயதினன், நெடுங்காரி, தாய்மேட்டுக் கடலில் நங்கூரமிட்ட காவற்படகிலிருந்து பணிந்து வரைந்தது.

தங்கள் நாட்டில் மழை பொழிக, வயல் விளைக, வலை கனக்க. மூன்றாவது வாழ்த்தைச் சற்று அழுத்தியே எழுதியிருக்கிறேன். ஓலை கிழியவில்லை.

தாய்மேடு எந்த நாட்டுக்கும் உரியதன்று என்பதைத் தாங்கள் அறிவீர்கள். கரையிலிருந்து நான்கு நாள் ஓட்டத்தில், நீருக்கடியில் கிடக்கும் அந்த மணல்மேட்டில்தான் நம் மூன்று நாட்டுச் சாளை மீன்களும் ஆண்டுக்கொருமுறை முட்டையிட வந்து கூடுகின்றன. அங்கே பிறக்கும் குஞ்சுகள் வளர்ந்த பின் எந்த நாட்டுக் கரைக்கு வருவது என்பதை அவையே முடிவு செய்கின்றன. ஆகவே அங்கு எவரும் வலை வீசலாகாது என்று தங்கள் நாடும், எம் நாடும், சங்கினித்தீவும் கூடி உடன்படிக்கை செய்தன. மீன் பொறித்த செப்பு முத்திரை ஒன்றைச் செய்து மூன்றாக வெட்டி, தலையைத் தங்களிடமும், நடுவைத் தீவினரிடமும், வாலை எம்மிடமும் ஒப்படைத்தார்கள். மூன்றும் பொருந்திப் பதிந்த ஆணையின்றி, நடுக்கடலில் எந்தக் கலத்தையும் சிறைபிடிக்கலாகாது என்பது விதி. ஒரு நாட்டுக் கொடி பறக்கும் கலத்தை அந்நாட்டுக் காவலரன்றிப் பிறர் மறிக்கவும் கூடாது. எழுதியவர்கள் பேரறிஞர்கள். அவர்களுள் எவரும் கடலில் இறங்கியதில்லை.

இவ்விதியை நம் எல்லோரையும் விட நன்றாகக் கற்றவன் ஒருவன் இப்போது தாய்மேட்டில் இருக்கிறான். அவன் கலத்துக்குப் பெயர் இல்லை. கொடி மட்டும் மூன்று. நான் நெருங்கினால் தங்கள் கொடி ஏறுகிறது. தங்கள் படகு தென்பட்டால் தீவின் கொடி. தீவினர் வந்தால் எம் மன்னரின் கொடி. அதை ஏற்றும்போது மட்டும் அவன் மரியாதையாக எழுந்து நிற்கிறான் என்று கேள்விப்பட்டேன். என் கண்ணால் கண்டதில்லை, காணவும் முடியாது.

அவன் வலையைப் பற்றிச் சொன்னால் கிழவன் அளக்கிறான் என்பார்கள். உள்ளதை உள்ளபடியே சொல்கிறேன். ஒரு நுனி நீரில் விழும்போது விடியல். மறு நுனி விழும்போது நாங்கள் உச்சிவேளைக் கஞ்சி குடித்து முடித்திருப்போம். சென்ற மாதம் அவ்வலையில் ஒரு மழைமேகம் சிக்கி, அதை அறுத்துவிட அவர்களுக்கு இரண்டு நாள் பிடித்தது. அவ்வலைக்கு அஞ்சி ஒரு கடலாமை எம் படகில் ஏறி இறங்க மறுக்கிறது. அதையும் சாட்சிகளுள் ஒருவராகச் சேர்த்திருக்கிறேன். வயதில் என்னிலும் மூத்தவர், பொய் சொல்லும் அவசியம் அவருக்கில்லை.

மூன்று நாட்டுக் காவலரும் ஒன்றுகூடவே இல்லையா என்று தாங்கள் கேட்கக்கூடும். கூடினோம். சென்ற ஆண்டு, மூன்று துண்டுகளோடும், இதே இடத்தில். துண்டுகளைப் பொருத்துமுன், நாடுகளுள் இளையது எதுவோ அது முதலில் சங்கூதி மற்ற இரண்டையும் வணங்க வேண்டும் என்பது நம் மரபல்லவா? எந்த நாடு இளையது என்று ஆராயப் புலவர்களை வரவழைத்தோம். தங்கள் புலவர் வெண்குடா கடலுக்கு முந்தியது என்று நிறுவினார். தீவின் புலவர் தம் நாடு நிலவுக்கு முந்தியது என்றார். எம் புலவர் காலம் என்பதையே எம் முன்னோர்தாம் தொடங்கிவைத்தார்கள் என்று காட்டினார். பத்தொன்பது நாள். அந்தக் களவுக்கலத்தை ஓட்டும் மீகாமன் குரல் எட்டும் தொலைவில் நங்கூரமிட்டு, வலை இழுத்துக்கொண்டே முழு வாதத்தையும் கேட்டான். நல்ல இடங்களில் தலையாட்டினான். குடிநீர் தீர்ந்தது. கலைந்தோம்.

அமைச்சர் பெருமானே, ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். அன்று சங்கு என் கையில் இருந்தது. உதடு வரை கொண்டு போனேன். ஒரு மூச்சு ஊதியிருந்தால் போதும். எம் மன்னரின் பெருமைக்கு என்ன ஆகுமோ என்று எண்ணி இறக்கிவிட்டேன். அந்த ஒரு மூச்சுதான் இப்போது ஒவ்வொரு நாளும் என் நெஞ்சில் அடைத்துக்கொண்டு நிற்கிறது.

எம் கோரைத்துறையில் முந்நூற்று நாற்பது அடுப்புகள். நான்கு மாதங்களாகப் படகுகள் போன எடையிலேயே திரும்புகின்றன. மீன் விற்கும் பெண்களுக்குத் தலைவியான சேந்தி, வெறுங்கூடையை என் காலடியில் கவிழ்த்து, “ஏன்யா காவக்காரரே, நீரு காக்குறது கடலையா, இல்ல அவன் கொடியையா?” என்று ஊரார் முன்னிலையில் வினவினாள். விடை எழுதி அனுப்புவதாகச் சொன்னேன். இன்னும் எழுதவில்லை. இந்தப் பருவமும் சாளை வராவிடில் துறையைக் காலி செய்து, மலையடிவாரத்தில் கல்லுடைக்கப் போவதென்று முடிவு செய்துவிட்டார்கள். இன்னும் இருபத்திரண்டு நாளில் மீன்கள் சினையோடு மேட்டுக்கு வரும். அதற்காகத்தான் அவனும் காத்திருக்கிறான். அந்த வலை அன்று விழுந்தால் அடுத்த ஆண்டுக்கென்று கடலில் ஒன்றும் மிஞ்சாது. எங்களுக்கு மட்டுமன்று, தங்களுக்கும்தான்.

நேற்று அவன் கலத்தை ஒட்டிப் போனேன். வேறு எதுவும் செய்ய எனக்கு அதிகாரமில்லை, ஒட்டிப் போகலாம். அவன் மேலிருந்து குனிந்து, “என்ன பாட்டையா, இன்னிக்கும் வலை நனையலியா? இந்தா, குழம்புக்கு வச்சுக்க” என்று ஒரே ஒரு சாளையை எறிந்தான். அது என் மடியில் விழுந்தது. நன்றி என்று சொல்லிவிட்டேன். பழக்கதோஷம்.

முத்திரையின் தலையை அனுப்பியருளுமாறு இதற்குமுன் தங்களுக்கு நான்கு ஓலைகள் விடுத்தேன். கடல் குறித்த ஓலையில் முழு முத்திரை இருந்தாலன்றிப் பிரிக்கலாகாது என்று தங்கள் ஓலைநாயகம் நான்கையும் கட்டவிழ்க்காமலே திருப்பியனுப்பினார். தலையைக் கேட்பதற்குத் தலை வேண்டும். அவர் கடமையை அவர் செய்தார். அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

இந்த ஐந்தாவது ஓலையைத் தாங்கள் படிக்கிறீர்கள் என்றால், இதில் முழு முத்திரை இருக்கிறது என்று பொருள். அதை இப்போது சற்று உற்றுப் பார்க்க வேண்டுகிறேன். வால் எம் செப்பு. தலையும் நடுவும் அவன் எறிந்த சாளையினுடையவை. அரக்கு இளகியிருக்கும்போதே அழுத்தினேன். செதில்கள் செப்பை விடத் தெளிவாக விழுந்திருக்கின்றன. முகர்ந்து பார்த்தால் ஐயம் தீரும். தீவினருக்கும் இதே வாசகத்தை இதே சாளையால் முத்திரையிட்டு அனுப்பியிருக்கிறேன்.

இது பொய் முத்திரை. நான் செய்தேன். எம் மன்னர் அறியார். உடன்படிக்கையின் கடைசி விதியைத் தங்களுக்கு நினைவூட்டுகிறேன்: முத்திரையைப் பொய்யாகப் பதித்தவனை, பதித்த இடத்திலேயே, பதினைந்து நாளுக்குள் மூன்று நாட்டாரும் தத்தம் துண்டோடு கூடி, உண்மை முத்திரையைப் பொருத்திக் காட்டித் தண்டிக்க வேண்டும். பதித்த இடம் தாய்மேடு. குற்றவாளியை விசாரிக்கையில் சங்கூதும் மரபு எந்த நாட்டிலும் இல்லை. எம் புலவரிடமே கேட்டுவிட்டேன். அந்த மீகாமனும் ஓடமாட்டான். சென்ற ஆண்டுக் கூத்தை அவன் இன்னும் மறக்கவில்லை. முன்வரிசையில் வந்து நிற்பான். என் தீர்ப்புக்காக மூன்று துண்டும் பொருந்திய அந்த வேளையில், அரக்கு ஆறுமுன், அவனைப் பிடிக்கும் ஆணையிலும் ஒருமுறை பதித்துவிடுங்கள். அந்த ஓலையை எழுதி ஆமையின் அருகில் வைத்திருக்கிறேன்.

ஆகவே, கண்டவுடன் கலமேறி, உண்மைத் தலையோடு வந்து என்னைப் பிடிக்க வேண்டும் என்பதே இவ்வோலையின் ஆணை. அமைச்சருக்கு ஆணையிட எனக்குத் தகுதியில்லை; அதையும் குற்றத்தோடு சேர்த்துக்கொள்க.

பொய் முத்திரைக்குத் தண்டனை வலக்கையை வெட்டுவது என்றறிவேன். தாராளமாக வெட்டுக. சங்கை ஊதாமல் இறக்கிய கை அதுதான்.

தாய்மேட்டுக் கடல், தேய்பிறை மூன்றாம் நாள், நண்பகல். நெடுங்காரி கைச்சாத்து, வால் எமது, மற்றவை மீனுடையவை.