செவ்வாய்க்கிழமைப் பள்ளங்கள்

அன்பு மகள் கிறிஸ்டினுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் சுகம், கிளாஸ்கோ குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொன்னால் சிரித்தே மழுப்பிவிடுவாய், அதனால்தான் காகிதம். இங்கே நம் கோத்தா திங்கியில் ஆற்று வெள்ளம் ஏறி இறங்கிவிட்டது, நம் வாசல்வரை வரவில்லை. எண்ணெய்ப் பனைத் தோட்டத்துக் கோபுரத்தின் உச்சியில் என் கருவி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அம்மா செம்பனைக்கு நாடி பார்க்கிறாங்க என்று கேலி செய்வாயே, அதே வேலைதான். வெயிலில் ஒளிச்சேர்க்கை நடக்கும்போது இலைகள் நம் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய சிவப்பொளியை விடுகின்றன, அதை அளந்தால் மரங்கள் எவ்வளவு உழைக்கின்றன என்று தெரியும். மரம் நலிய ஆரம்பித்தாலும் இலை பச்சையாகவே இருக்கும், ஒளி மட்டும் முன்கூட்டியே குறையும்.

செவ்வாய்தோறும் பத்து மணிக்கு அப்பா மேலே ஏறிக் கருவியின் கண்ணாடியைத் துடைப்பார் அல்லவா, கை ஒளியை மறைக்கும் அந்த நேரம் கணினியில் கோடு பள்ளமாக விழும். பள்ளங்களைப் பிழை என்று அழித்துவிட்டுத்தான் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும், அது விதி. மூன்று வருடம் அழித்தேன். போன வாரம் அழிக்காத மூலக் கோப்புகளைக் கேட்டார்கள், திறந்தேன். முதல் வருடம் ஒவ்வொரு பள்ளமும் நாலு நிமிடம். போன கிறிஸ்துமஸுக்கு முன் ஏழு. ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில் பதினொன்று. அவர் இறந்த வாரத்தின் செவ்வாய், பத்தொன்பது. கண்ணாடிமேல் கையை ஊன்றி மூச்சு வாங்கியிருக்கிறார், மகளே. ஏன் இவ்வளவு நேரம் என்று ஒருமுறை கேட்டேன், மேல காத்து நல்லா இருக்கு வினி, அதான் நின்னேன் லா என்றார். தொந்தியைக் குறைங்க என்று நானும் சிரித்தேன். அவருடைய இதயம் எனக்கு வாராவாரம் எழுதி அனுப்பியது, நான் வாராவாரம் அழித்தேன்.

இப்போது அப்பாவுக்குப் பதிலாகத் தோட்டத்து வேலையாள் ஜெயபாலன் ஏறுகிறான். அக்கா, அண்ணன் துடைக்கிற துணி மேல கம்பியிலேயே கட்டி இருக்கு, அவுக்கவா என்றான். வேண்டாம் என்றேன். செவ்வாய் பத்து மணிக்கு நான் திரையைப் பார்ப்பதில்லை.

அவருக்கு வந்த இதய நோய் பரம்பரையாக வரலாம், பிள்ளைக்கும் இதயம் பார்த்துவிடுங்கள் என்று டாக்டர் சொன்னதை மூன்று முறை தள்ளிப்போட்டுவிட்டாய். நல்லாத்தான்மா இருக்கேன் என்கிறாய், போன் திரையில் முகமும் அப்படித்தான் தெரிகிறது. ஆனால் போன வருடம் உன் கட்டட வாசலிலிருந்து மூன்றாம் மாடி வீடுவரை என்னோடு போனில் பேசிக்கொண்டே ஏறுவாய். சென்ற ஞாயிறு இரண்டாம் மாடியில் பேச்சு நின்றது. சிக்னல் இல்லமா என்றாய். உன் மூச்சு எனக்குத் தெளிவாகக் கேட்டது.

இந்தப் பள்ளத்தை நான் அழிக்க மாட்டேன். டாக்டர் எழுதிய தாளை இதோடு வைத்திருக்கிறேன், கிடைத்த அன்றே போ. உன் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வதிக்கிறேன்.

உன் அம்மா,
வினிஃப்ரெட் லூயிஸ்