கொமாத்ரே என்று யாரைக் கூப்பிடுவது

சக்கத்லான்
4 பிப்ரவரி 1987

அன்புள்ள கொமாத்ரே ரெமெதியோஸ் அவர்களுக்கு,

நாங்கள் நலம். பிள்ளைக்குப் பால் குடிப்பதில் அவன் அப்பனைப் போலவே அவசரம். தையல் ஆலையில் வேலை எப்படி? அமெரிக்க எல்லைப் பக்கம் போனதிலிருந்து உங்கள் கடிதங்கள் இளைத்துக்கொண்டே வருகின்றன.

எங்கள் மாடியறையில் கிர்ஸ்டன் என்ற டென்மார்க் பெண் குடியிருக்கிறாள். நம் பேச்சைக் கற்க வந்தவள். ‘கொமாத்ரே’ என்ற சொல் பிடித்துப்போய், தொர்த்தியா ரொட்டி விற்பவள், போலீஸ்காரர் மனைவி என்று ஒருவரையும் விடவில்லை. “ஏய் பொண்ணே, கண்டவங்களையும் அப்படிக் கூப்பிடக் கூடாது. என் பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுக்கறப்ப கையில ஏந்துறாளே, அவதான் எனக்குக் கொமாத்ரே” என்றேன். மறுநாளே வெள்ளை நூல் வாங்கி வந்து ஞானஸ்நான அங்கி பின்ன உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

அன்புடன்,
ஹசிந்தா

திஹுவானா
19 பிப்ரவரி

ஹசிந்தா,

இனி உனக்கு ‘நீங்கள்’ கிடையாது. சின்ன வயதில் நீ, வா, போ என்றுதான் கிடந்தோம். கொமாத்ரே ஆன பிறகுதான் ஊர் வழக்கப்படி மரியாதை வந்தது. அந்த இடத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டாய், எனக்கு எதற்கு அது?

அங்கி கொண்டுவருவது ஞானத்தாயின் உரிமை. அதை அவள் பின்னுகிறாள், நீ பார்த்துச் சிரிக்கிறாய். எனக்கு வயிறு எரிகிறது, மறைக்கவில்லை. பக்கத்து மிஷின்காரி கேட்டாள்: “என்னடி மூஞ்சி வாடிக் கிடக்கு, புருசன் வேற ஒருத்தியச் சேத்துக்கிட்டானா?” “அவன் போனாப் போறான், இது அதுக்கும் மேல” என்றேன்.

உன் பிள்ளை காய்ச்சலில் கிடந்தால் அந்த மஞ்சள் முடிக்காரி டென்மார்க்கிலிருந்து ஓடி வருவாளா?

ரெமெதியோஸ்

சக்கத்லான்
3 மார்ச்

கொமாத்ரே,

நீங்கள் என்ன எழுதினாலும் எனக்கு நீங்கள் நீங்கள்தான்.

உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டியபோது கிர்ஸ்டன் கேட்டாள்: “அப்ப ரெமெதியோஸ் எந்தப் பிள்ளைக்கு ஞானத்தாய்? இந்த வீட்டுல ஒரு பிள்ளைதானே இருக்கு?” அவளைக் கல்லறைக்குக் கூட்டிப் போனேன். மூத்தவன் மத்தியாஸ் மூச்சுத் திணறியபோது ஆற்றில் வெள்ளம், பாதிரியாரால் வர முடியவில்லை. நீங்கள்தான் சமையல் பானைத் தண்ணீரை அவன் தலையில் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்துப் பெயர் வைத்தீர்கள். உங்கள் மடியிலேயே அவன் போனான். இதைக் கேட்டதிலிருந்து அவள் யாரையும் கொமாத்ரே என்பதில்லை. அங்கியைப் பிரித்துப் போர்வையாகப் பின்னுகிறாள்.

உங்களை நான் ஏன் கேட்கவில்லை தெரியுமா? அடக்கம் முடிந்து திரும்பும்போது, “இது ராசியில்லாத கை, இனி எந்தப் பிள்ளையையும் ஏந்தாது” என்றீர்கள். அதனால் உங்களைக் கேட்கப் பயந்தேன். வேறு யாரையும் கேட்க மனம் வரவில்லை. இப்போது கேட்கிறேன். ஈஸ்டர் அன்று ஞானஸ்நானம். அந்தக் கைதான் எனக்கு வேண்டும்.

ஹசிந்தா

திஹுவானா
20 மார்ச்

அன்புள்ள கொமாத்ரே ஹசிந்தா அவர்களுக்கு,

பஸ்ஸுக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். நினைத்தாலே பயம்தான். இருந்தாலும் ஏந்துவேன். அங்கியை ஆலையில் சாப்பாட்டு நேரத்தில் தைத்துக்கொண்டிருக்கிறேன். கழுத்துப்பட்டி மட்டும் பாக்கி. அந்தப் பெண் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கட்டும். போர்வையும் இருக்கட்டும், குளிருக்கு ஆகும்.

நான் வந்து சேரும்வரை பிள்ளையை அவளிடம் அதிகம் தூக்கக் கொடுக்காதீர்கள்.

உங்கள் கொமாத்ரே,
ரெமெதியோஸ்