மணி அடிக்கும் கதையும் நான் போட்ட கையெழுத்தும்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பு நல்லபடி இருக்க வேண்டும், எனக்கு அது போதும். இங்கே நானும் உன் தங்கையும் இருக்கிறோம். நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். அவள் நாலு நாள் என்னோடு பேசாமல் இருந்து இன்று காலையில்தான் வாய் திறந்தாள், நம்ம வாயாடி, தூக்கத்தில்கூட வாய் மூடாதவள்.

போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன், பாதியில் நிறுத்தாமல் படி. அவள் வகுப்புக்குப் புதிதாக ஒரு அறிவியல் டீச்சர் வந்திருக்கிறார். வெயில் வருஷத்துக்கு வருஷம் ஏறுகிறது, மழை காலம் தவறிப் பெய்கிறது என்ற பாடத்தைப் புத்தகத்தைப் பார்த்து நடத்தாமல், முப்பது வருஷம் கழித்து உங்கள் தெரு எப்படி இருக்கும் என்று ஆளுக்கொரு கதை எழுதச் சொல்லிவிட்டார். எதிர்வீட்டுத் தையல்கார அக்கா மகன், தன் அம்மா குடிதண்ணீரைப் பாட்டில் மூடியில் அளந்து விற்கிறாள் என்று எழுதிவிட்டானாம். என்னைக் கஞ்சப்பிசினாறின்னு ஊருக்கே காட்டிட்டானே பாவி என்று அக்கா ஆடித் தீர்த்துவிட்டாள். பிள்ளைகள் பயந்து தூங்குவதில்லை, டீச்சரை மாற்றுங்கள் என்று மனு எழுதிக்கொண்டு வீடு வீடாக வந்ததும் அவள்தான்.

நான் அன்றைக்குத்தான் உன் தங்கை நோட்டை எழுத்துக்கூட்டிப் படித்திருந்தேன். அதில் நம் தெருவில் வெயில் ஒரு அளவைத் தாண்டினால் மணி அடிக்கிறது. கூரைமேல் வேலை செய்கிற அத்தனை பேரும், முணுமுணுத்துக்கொண்டாவது, இறங்கிவிட வேண்டும். மணி அடித்து எல்லாரையும் இறங்கச் சொல்லிக் கத்துவது கிழவியாகிப்போன நான். படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். மனுவில் முதல் கையெழுத்தே போட்டேன்.

ஏன் என்று உனக்குத் தெரியாது. அப்பாவை இறங்கச் சொல்லிக் கெஞ்சினேன், அவர் கேட்கவில்லை என்று உன்னிடம் சொன்னேன் இல்லையா, அது பொய். கிடங்குக்குத் தகடு வேய்ந்த அன்று மத்தியானம் அப்பா ஏணியில் பாதி இறங்கி வந்து தலை சுத்துது என்றார். கீழே ஆணி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த நான், இன்னும் ரெண்டு தகடுதானே, முடிச்சிட்டே இறங்குங்க, இதுக்காக நாளைக்கும் ஏணியைத் தூக்கிட்டு வரணுமா என்றேன். அவர் திரும்பி ஏறிப்போனார். அப்புறம் வெயிலில் சுருண்டு விழுந்தவரைத் தூக்கித்தான் இறக்கினார்கள். தண்ணீர் கொண்டுவந்த உன் தங்கை அப்போது ஏணி பக்கத்தில்தான் நின்றாள். அதைத்தான் குத்திக்காட்டி எழுதியிருக்கிறாள் என்று நினைத்துவிட்டேன்.

நாளைக்குப் பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்தில் விசாரணை. சாவு விழுந்த வீட்டுப் பிள்ளையையே இப்படி எழுத வெச்சிருக்காங்க, உங்க கையெழுத்து ஒண்ணு போதும் அந்தம்மாவை அனுப்ப, என்று தலைமை ஆசிரியர் சொல்லிவிட்டுப் போனார். இன்று காலையில் சட்டியைக் கழுவிக்கொண்டே என்னையும் மீறிக் கேட்டுவிட்டேன், அப்பாவை நான்தான் கொன்னேன்னு எழுதறியாடி என்று. அவள் திருதிருவென்று முழித்தாள். அது நடந்த கதை இல்லம்மா, நடக்கப்போற கதை, யார் கத்தினா எல்லாக் கூரைக்கும் கேக்கும்னு யோசிச்சேன், உன் தொண்டைதான் ஞாபகம் வந்துச்சு என்றாள். சட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டே, அன்னைக்கு நீ சொன்னது என் காதுல விழுந்துச்சு, நானும்தானே சும்மா நின்னேன் என்றாள். அதை இத்தனை மாதமாக அந்தச் சின்ன நெஞ்சு சுமந்துகொண்டு இருந்திருக்கிறது. ஒரு கதை எழுதச் சொல்லித்தான் அந்த டீச்சர் அதை இறக்கி வைத்திருக்கிறார். நான் அதைக் கிழித்துப் போட்டேன்.

கையெழுத்தைத் திரும்பப் பெறப் போகிறேன். ஏன் போட்டாய் என்று கேட்பார்கள், அத்தனை பேர் முன்னால் சொல்லித்தான் ஆக வேண்டும். தையல்கார அக்கா முகத்தில் எப்படி முழிப்பேன் என்று தெரியவில்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நான் சொல்லி முடித்திருப்பேன். பிறர் வாயால் நீ கேட்கக் கூடாது என்றுதான் முதலில் உனக்கு எழுதினேன். என்னைத் திட்டி எழுது, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். உன் வேலையும் தகரக் கொட்டகைக்குள்தான். தலை சுற்றினால் போட்டது போட்டபடி வெளியே வந்துவிடு, முதலாளி சொன்னாலும் கேட்காதே, நான் சொன்னாலும் கேட்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா