குன்றுக்குள் கேட்ட சத்தம்

அன்பு மகளுக்கு,

நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். இந்த வரியை இன்னொரு முறை படித்துவிட்டுக் கீழே போ, பாதியில் பயந்துபோய்ப் போனை எடுக்காதே. போனிலேயே சொல்லலாம் என்றுதான் பார்த்தேன், உன் குரலைக் கேட்டதும் மழை, துணி காயவில்லை என்று எதையாவது சொல்லி வைத்துவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன். மாப்பிள்ளைக்கு இருமல் தேவலையா, நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது.

பக்கத்து வீட்டுத் தவளையக்காவை உனக்கு மறந்திருக்காது. மழை வரப்போவது மண்ணுக்குள் பதுங்கியிருக்கும் தவளைக்கு எப்படித் தெரிகிறது என்று ஆராய்கிறவள், அதற்காக நம் குடியிருப்புக்குப் பின்னாலிருக்கும் குன்று முழுக்க மைக் புதைத்து வைத்திருக்கிறாள். எங்கள் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இப்படித்தான், ஒரே வராந்தாவில் ஒருவர் மீனின் காதெலும்பைப் பார்த்து அதன் வயதைச் சொல்கிறார், எதிர் அறைக்காரி கான்கிரீட்டை நசுக்கி அது எப்போது விரிசல் விடும் என்று பார்க்கிறாள், மாடியில் ஒருவர் என்றைக்கோ அணைந்துபோன நட்சத்திரத்தைத் தேடுகிறார், நான் இலையில் விழும் கரும்புள்ளியின் பின்னால் அலைகிறேன். ஒருத்தர் வேலை இன்னொருத்தருக்குப் புரியாது, கேன்டீனில் கிண்டல் செய்துகொள்வதோடு சரி. போன மாதம் தவளையக்கா என் ஆய்வுக்கூடத்துக்கு வந்து ஹெட்போனை என் தலையில் மாட்டினாள். யாரோ தூக்கத்தில் பல்லைக் கடிப்பது போல ஒரு சத்தம், நிற்கும், மறுபடி கேட்கும். இது எந்தத் தவளை என்று கேட்டேன். "இது தவளையே இல்ல, என்னன்னு எனக்கே தெரியல, அதான் பயமா இருக்கு" என்றாள்.

இரண்டு பேரும் மண்ணியல் துறைக்குப் போனோம். அங்கே சரிவுகளை அளக்கிற ஓர் இளவயதுக்காரர் இருக்கிறார், எல்லோருக்கும் அவர் குன்று சார். எப்போதும் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவர், அதைக் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. மறுநாள் வந்து நம் தெருவின் சாய்ந்த கம்பத்தைப் பார்த்தார், நம் சமையலறைச் சுவரில் அப்பா சிமென்ட் பூசிப் பூசி மறைத்த விரிசலைத் தடவிப் பார்த்தார், "குன்று நகருது மேடம், இன்னைக்கா அடுத்த மழைக்கான்னு என்னால சொல்ல முடியாது" என்றார். சொல்ல முடியாது என்று நானும் என் இலைகளைப் பற்றி எத்தனை கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லியிருக்கிறேன். அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு அதன் அடியில் அடுப்பு மூட்டுவது என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அலுவலகத்தில் போய்ச் சொன்னால், தேதி சொல்லுங்கள், காலி செய்யச் சொல்கிறோம் என்கிறார்கள். கடைசியில் கான்கிரீட்காரிக்குத்தான் கோபம் வந்தது. குன்றடியில் கட்டியிருக்கும் தடுப்புச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு அலுவலகத்துக்கு வந்து, "இந்தச் செவுரு தாங்காது, நான் கையெழுத்துப் போட்டுத் தரேன், தாங்கும்னு நீங்க போட்டுத் தாங்க" என்று அதிகாரியின் மேசை முன்னால் நின்றுவிட்டாள். அப்புறம்தான் நம் வரிசை வீடுகளைக் காலி செய்து எங்களை வேதியியல் கட்டடத்துப் பெரிய கூடத்தில் கொண்டுபோய் விட்டார்கள்.

பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுக்கை. யாராவது ஸ்டூலை இழுத்தால் போதும், பேசிக்கொண்டிருந்த அத்தனை பேரும் ஜன்னலைப் பார்ப்போம். உன் அப்பாவுக்கு மட்டும் பயமே இல்லை, கோபம்தான். காலமெல்லாம் நூலகத்தில் புத்தகத் தூசியைத் தின்றவன் கடைசியில் ஆசிட் நாற்றத்திலா கிடக்க வேண்டும் என்று மூட்டு ஆபரேஷன் செய்த காலைத் தடவிக்கொண்டே புலம்பினார். இதற்கிடையில் அவருடைய காது மெஷினில் சார்ஜ் தீர்ந்துபோயிற்று, சார்ஜர் வீட்டில். நான் வேறு வாங்கித் தருகிறேன் என்று கையால் ஜாடை காட்டிவிட்டு வேலைக்குப் போனேன்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலை அது. தவளையக்கா போன் செய்தாள், சத்தம் நிற்காமல் வருகிறது, எல்லோரும் கூடத்தில்தானே இருக்கிறீர்கள் என்று கேட்டாள். ஓடிப் போய்ப் பார்த்தால் அப்பாவின் பெஞ்சு காலி. நட்சத்திரக்காரர் சொன்னார், "சார்ஜர் எடுக்கப் போறேன்னார், உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் போறார்னு நெனச்சேன்." அம்மாடி, எப்படி ஓடினேன் என்று எனக்கே தெரியாது. தெருமுனையில் கயிறு கட்டியிருந்தது, காவலரைக் காணோம். நம் வீட்டு முன்னறையில் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுவது ஜன்னலில் தெரிகிறது. கத்தினேன். அந்தக் காதுக்கு எங்கே கேட்கும்? காற்றே இல்லை, உச்சியில் மரங்கள் தலையை ஆட்டுகின்றன. கயிற்றைத் தூக்கப் போனேன், பின்னாலேயே ஓடி வந்திருந்த குன்று சார் என் கையைப் பிடித்து இழுத்தார். "நீங்களும் போனா ரெண்டு பேர் மேடம்" என்றார். தெருமுனை மின்பெட்டி என் தோளில் இடித்தது. அதைத் திறந்து, எது எந்த வீட்டுடையது என்று பார்க்காமல் எல்லா ஸ்விட்சையும் கீழே தள்ளினேன்.

விளக்கு அணைந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் அழக்கூட இல்லை. பிறகு கதவு திறந்தது. கழுத்தில் சார்ஜர் வயரைப் போட்டுக்கொண்டு, மின்வாரியத்தைத் திட்டியபடி உன் அப்பா வெளியே வந்தார். கூடத்திலிருந்து ஓடி வந்து சேர்ந்தவர்களும் நானும் இரண்டு கையையும் ஆட்டினோம். அவரும் பதிலுக்குக் கையை ஆட்டினார்! என் முகத்தைப் பார்த்த பிறகுதான் ஏதோ புரிந்து நடக்கத் தொடங்கினார். அவர் நடையைத்தான் உனக்குத் தெரியுமே, கோலை ஊன்றி, நின்று, மறுபடி ஊன்றி. என்னைத் தடுத்தாரே, அந்தக் குன்று சார்தான் கயிற்றுக்குள் குனிந்து ஓடி, அவரை மூட்டை மாதிரித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். தவளையக்கா வீட்டு கேட்டைத் தாண்டியிருப்பார்கள், குன்று இறங்கியது. லாரியில் ஜல்லி கொட்டுகிற மாதிரிச் சத்தம், அவ்வளவுதான். சமையலறை, உன் அறை எல்லாம் மண்ணுக்குள் போயிற்று, வாசல் சுவர் மட்டும் நிற்கிறது. உன் பொருள் எதையும் எடுக்க முடியவில்லை, மன்னித்துக்கொள்.

யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. அப்பாவுக்கு விலாவில் சிராய்ப்புதான். முதல் நாள், என்னை எவன் அப்படித் தூக்கினது என்று சண்டைக்குப் போனார். மறுநாளிலிருந்து நான் ஆய்வுக்கூடம் போனால் கூடவே வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொள்கிறார், நான் கை கழுவப் போனால்கூட எழுந்து நிற்கிறார். குன்றின் அந்தப் பக்கம் மாணவர் விடுதி இருக்கிறது. இந்தத் தடவை தேதி கேட்காமல் அதைக் காலி செய்தார்கள். மீதிச் சரிவை மைக்கில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், தவளையக்கா ஒருத்தியால் முடியவில்லை என்று மீன்காரர், நட்சத்திரக்காரர், நான் எல்லோரும் மாறி மாறி உட்காருகிறோம். நேற்று என் முறையில் டொக் டொக்கென்று ஏதோ கேட்டது, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தவளையக்காவை உலுக்கினேன். ஹெட்போனை வாங்கிக் கேட்டுவிட்டு, "பயப்படாதீங்க, இது தவளை" என்றாள். இரண்டு பேரும் அப்படியே கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதோம்.

இதைப் படித்ததும் பெட்டியைக் கட்டாதே. உன்னை இந்தக் குன்றுக்குக் கீழே நிற்க வைத்துப் பார்க்க எனக்குத் தெம்பில்லை, மழை விடட்டும், நாங்கள் வேறு வீடு போகட்டும், பிறகு வா. நீயும் மாப்பிள்ளையும் நூறாண்டு நோயில்லாமல் வாழ வேண்டும். ஒன்றே ஒன்று மறக்காமல் எழுது. நீ அனுப்பிய போட்டோவிலெல்லாம் உன் வீட்டு முன்பக்கம்தான் இருக்கிறது. பின்பக்கம் என்ன இருக்கிறது?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா