குளியலறைத் தரைக்கு அடியில்

அன்புள்ளவருக்கு,

நாம் குடியிருக்கும் வண்டி இன்னும் போர்ட் அகஸ்டாவில், வீட்டு வண்டிகள் நிறுத்தும் வேன் பூங்காவில்தான் நிற்கிறது. நேற்றுக் காலை குளிக்கும்போது என் கால் தரைக்குள் இறங்கிவிட்டது. அடி ஒன்றுமில்லை.

பக்கத்து வேன்காரர் டெஸ் உதவிக்கு வந்தார். வினைல் விரிப்பை உரித்தோம். பலகை ஈரத்தில் ஊறி உதிர்ந்தது. உதிராத ஒரு மூலையில் பென்சிலால் ஒரு பெயர், கீழே 1986.

"புதுப் பலகை போடுறவன் பேரும் தேதியும் எழுதித்தான் மூடுவான், தாயி. இது வண்டி கட்டினவன் எழுதினது. குழாயும் அப்ப போட்டதுதான். போன குளிர்காலத்துல வண்டியை வையல்லாவுக்குக் கொண்டுபோயி தரை, குழாய் எல்லாத்தையும் மாத்தியாச்சுன்னியே? உன் வீட்டுக்காரர் மூணு வாரம் பீர் குடிச்சுட்டுப் படுத்திருந்தாரா?"

சிரித்தேன். வையல்லாவில் எவனோ பட்டறைக்காரன் உங்களை ஏமாற்றிவிட்டதாகச் சொன்னேன். நீங்களே பலகை அறுத்ததாக என்னிடம் கைக்கொப்புளத்தைக் காட்டியது அவருக்குத் தெரியாது.

புதுப் பலகையும் குழாயும் வாங்கிவிட்டேன். நீங்கள் சுரங்க வேலையிலிருந்து திரும்பும்போது தரை உறுதியாக இருக்கும். அதைப் பற்றிப் பேச வேண்டாம். அந்த மூன்று வாரம் எங்கே இருந்தீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

டெஸ்ஸிடம் சொல்ல எனக்கு உடனே ஒரு பொய் கிடைத்தது. எனக்கு நானே சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடைக்கவில்லை.

இன்றுவரை உங்கள்
மனைவி