மஞ்சூர் ரோட்டு இரும்புப் பாலம்

அக்டோபர் 14, திங்கள்

காலையிலிருந்து தூறல். மஞ்சூர் ரோட்டுப் பழைய இரும்புப் பாலத்தை அளக்கும் வேலை ஆரம்பம். பக்கத்திலேயே கான்கிரீட் பாலம் வந்துவிட்டதால் இதில் வண்டி விடுவதில்லை. இரண்டு பக்கமும் கல் அடுக்கி, ‘ஆபத்து’ பலகை. தை மாசம் பிரித்துவிடுவார்கள். அதற்குள் அளவு, போட்டோ, வரைபடம் எல்லாம் ஆபீஸுக்கு வேண்டும்.

ஏதோ துருப்பிடித்த இரும்பு என்றுதான் வந்தேன். அடியில் இறங்கி அண்ணாந்து பார்த்ததும் அந்த நினைப்பு போய்விட்டது. முக்கோணம் முக்கோணமாகக் கோத்த சட்டங்கள். ஆற்றுக்குள் ஒரு தூண் கிடையாது. கரைக்குக் கரை ஒரே எட்டு. என்ன தைரியம்!

கூட வந்த வரைவாளர் நஞ்சன் உள்ளூர்க்காரர், படகர் இனம்; தங்கள் ஊரை ஹட்டி என்பார். டேப்பைப் பிடித்தபடி சொன்னார்: “எங்க ஹட்டி உருளைக்கிழங்கு பூரா இதுமேலதான் போச்சு மேடம். ஒரு நாளும் நிமிர்ந்து பாத்ததில்ல.”

காலில் மூன்று இடத்தில் அட்டை. உப்பு வாங்கணும்.

15, செவ்வாய்

வெயில், கொஞ்ச நேரம். ஒவ்வொரு இணைப்பாகச் சுத்தியலால் தட்டிப் பார்த்தோம். மேல்துரு மட்டும்தான். உள்ளே கணீர். மஞ்சூர்ப் பக்கமிருந்து ஏறினால் இடது ஓரத்தில் ஒரு குறுக்குச் சட்டம் மட்டும் அரித்திருக்கிறது. சுண்ணாம்பில் குறி போட்டேன்.

பிலிம் ரோல் இரண்டும் காலி. போனில் வீட்டுக்காரர்: “நம்ம கல்யாணத்துக்கே இத்தனை போட்டோ எடுக்கலையே.”

16, புதன்

விடிய விடிய மழை. கான்கிரீட் பாலத்தின் அக்கரை ரோடு சரிந்து ஆற்றில். பாலம் நிற்கிறது, ஏறி இறங்க வழியில்லை. பழைய பாலத்தை ஒட்டிய ரோடு மட்டும் தப்பியது.

பதினொரு மணி வாக்கில் மஞ்சூர்ப் பக்கமிருந்து எஸ்டேட் ஜீப். உள்ளே செல்வி, கொழுந்து பறிக்கிறவள், நிறைமாசம். நேற்றிலிருந்து வலி, இப்போது ரத்தப்போக்கு. குன்னூர் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். அக்கரையில் ஒரு வண்டியும் இல்லை. போனும் செத்துவிட்டது.

டிரைவர் பழைய பாலத்தைப் பார்த்தார். “ஏனுங்க மேடம், இது தாங்குங்களா?”

நேற்று தட்டிப் பார்த்ததெல்லாம் மனசில் ஒருமுறை. “தாங்கும்ங்க. வலது பக்கமாவே போகணும்.”

செல்வியைக் கம்பளியில் கிடத்தி, அவள் புருஷனும் நஞ்சனும் கூட வந்த பெண்களும் முதலில் நடந்தே கடத்தினார்கள். பிறகு கல்லை நகர்த்தினோம். சொன்னது நானாச்சே. டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

“நீங்க எறங்கிக்கங்க மேடம்.”

“போங்கண்ணா.”

பலகைகள் முனகின. இரும்பு அசையவேயில்லை. அக்கரை மண்ணில் டயர் பதிந்த பிறகுதான் மூச்சு விட்டேன். செல்வியை ஏற்றிக்கொண்டு பறந்தார்.

17, வியாழன்

மழை விட்டது. செல்விக்குப் பெண் குழந்தை. ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள், பயமில்லையாம்.

மத்தியானம் பெரிய இன்ஜினியர் சரிவைப் பார்க்க வந்தார். முகம் சரியில்லை. “மூடின பாலத்துல வண்டி விட யார் உத்தரவு?”

“என் உத்தரவுங்க சார்.”

அளவுகளைக் காட்டினேன். நிதானமாகப் பார்த்தார். பாலத்தின் நடுவரை தனியாகப் போய், வெகுநேரம் நின்றுவிட்டு வந்தார்.

“ஒரு குறுக்குச் சட்டம் மாத்தினா போதும்ங்கறீங்க.”

“ஆமாங்க சார். சின்ன வண்டிக்குத் தாராளமாப் போதும்.”

“எழுதிக் குடுங்க, மேலே அனுப்பறேன். பிரிக்கறத நிறுத்துவாங்களான்னு என்னால சொல்ல முடியாது.”

சாயங்காலத்துக்குள் முடிக்கணும். முதல் வரி எழுதிவிட்டேன்: இந்தப் பாலம் நிற்க வேண்டும். ஆபீஸ் பாஷைக்கு அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்.